இரண்டு கட்டி குறைய

பெருந்துறை மஞ்சள் குடோனில்
மூட்டை நிறுக்கும் மேடைமேல் ஏறி நின்றேன்.
எழுபத்தாறு, என்றான் பொங்கியண்ணன்.
மாசியில் இதே மேடையில் தொண்ணூற்றிரண்டு.
"பதினாறு கிலோவ எங்கீங்க தொலைச்சீங்க?"
பாதாம், வெண்ணெய், முட்டை.
சோறில்லாமல் எட்டு மாதம்.
ஒறம்பரை வந்த நாளில்கூட
எல்லோருக்கும் முன்னால் இலை நிறைந்திருக்க
நான் கறித்துண்டை எண்ணித் தின்றேன்.
பெல்ட்டில் ஆணியடித்துப் புதிதாய் மூன்று ஓட்டை.

என் பிழைப்பு கிணற்றடியில்.
காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வரைக்கும்
கயிறறுந்து விழுந்த மோட்டாருக்கெல்லாம்
என் நம்பர்தான் பம்ப்செட் சுவரில்
கரியால் எழுதியிருக்கும்.
முதுகில் காற்று உருளை, முகத்தில் கண்ணாடி,
அடியில் போய்ச் சங்கிலி மாட்டிவிட்டு வருவேன்.
சில நாள் விழுந்தது மோட்டாராக இருக்காது.
அன்றைக்குக் கூலி பேசுவதில்லை.

கார்த்திகையில் முத்தூர்ப் பக்கம் ஒரு கிணறு.
எண்பதடிப் பாறை, ஐம்பதடி தண்ணீர்,
அடியில் ஏழரை எச்.பி.
இடுப்பில் எப்போதும்போல் ஆறு கட்டி ஈயம்,
கணபதியில் லூர்துராஜ் பட்டறையில்
பழைய பேட்டரி உருக்கி வார்த்தது,
கட்டிக்கு ஒரு கிலோ.
இறங்கினேன்.
வழக்கமாய் என்னை மெல்ல வாங்கிக்கொள்ளும் தண்ணீர்
அன்று பிடுங்கிக்கொண்டது.

காதை அமுக்கிவிடக்கூட நேரமில்லை.
வண்டலில் முழங்கால் புதைய
கிணறு முழுக்கக் காப்பி நிறம்.
சட்டைக்குள் காற்றை அடித்தேன், கிளம்பினேன்,
மேலே போகப்போக அதே காற்று உப்பி
என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது.
விட்டேன். மறுபடி வண்டல்.
ரப்பர் உடுப்பும் என்னுடையதில்லை,
போன வருசத்து ஆளுக்குத் தைத்தது.
அவன் இருந்த இடத்திலெல்லாம்
சில்லென்று தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது.
ஒன்பது நிமிடத்தில் முள் பாதிக்கு வந்துவிட,
மோட்டாரைத் தொடாமலே மேலே வந்தேன்.

கயிறு பிடித்திருந்த மாராத்தாள்,
கிணற்றுக்காரி, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"எளைச்ச ஆளு லேசாத்தானுங்க மிதக்கோணும்?
நீங்க கல்லாட்டம் போறீங்களே."

கறிக்குழம்பு ஆறினால் மேலே நிற்பது என்ன?

"கொழுப்புங்க."

அது போய்விட்டது.

கொஞ்ச நேரம் பேசவில்லை அவள்.
பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு
"அப்ப நானெல்லாம் முழுகவே மாட்டனுங்க"
என்று சிரித்தாள்.

படியோரம் தண்ணீரில் நின்று கணக்குப் பார்த்தேன்.
காற்று தீரத்தீர உருளையும் லேசாகும்,
அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.
ஒரு கட்டி கழற்றினேன், இன்னும் இறங்கினேன்.
இரண்டாவதைக் கழற்ற,
இழுத்த மூச்சோடு கண்மட்டத்தில் நின்றது நீர்.
மூச்சை விட்டேன்.
தலைக்குமேல் சத்தமில்லாமல் மூடியது.
சரி.

போனது பதினாறு, கழற்றியது இரண்டு.
மீதிப் பதினாலைத் தண்ணீர்
என்றைக்குமே கணக்கில் வைத்திருக்கவில்லை.
மாடிப்படியும் முழங்காலும்தான்
இத்தனை வருசம் அதைச் சுமந்திருக்கின்றன.

மோட்டார் அன்று சாயங்காலம் மேலே வந்தது.
கிணற்று மேட்டில் கிடந்த இரண்டு கட்டியில்
ஒன்றை எடுத்துக் கையில் நிறுத்திப் பார்த்தாள் மாராத்தாள்.
"இத்தனூண்டுக்கா அந்தப் பாடு?"

தை வந்தது.
பொங்கல், சீர், வரிசையாய் ஐந்து கல்யாணம்.
சோற்றோடு சமாதானமாகிவிட்டேன்.
பொங்கியண்ணன் மேடையில் எண்பத்தொன்று.
நேற்றைக்கு ஊத்துக்குளிக் கிணற்றில்
மூச்சை விட்டபிறகும்
நெற்றி வெளியே நின்றது.

லூர்துராஜுக்குப் போன் போட்டு
அரைக் கட்டி ஒன்று வார்க்கச் சொல்லியிருக்கிறேன்.
எதுக்குப்பா அரை, என்று கேட்டான்.
ஒரு முழுக் கட்டியே போடட்டுமா,
பங்குனியிலும் முகூர்த்தம் இருக்கிறதே என்றான்.